சங்கமும் சந்தாவும்: அமெரிக்காவின் ‘வேலை உரிமை’ச் சட்டங்கள்

ஒரு நாட்டுச் சட்டத்தின் பெயரை மற்றொரு நாட்டு மொழியில் பெயர்க்கும்போது சொற்கள் சரியாக அமைந்துவிடலாம். பொருள் மட்டும் வராமற் போகலாம். ‘வேலை உரிமை’ என்னும் தொடர் இதற்குத் தக்க உதாரணமாகும். இத்தொடரைக் கேட்டதும் இந்தியர் ஒருவரின் நினைவுக்கு வருவது நமது அரசியலமைப்பின் 41-ஆவது விதி. நாட்டின் பொருளாதார சக்திக்கு உட்பட்டு, குடிமக்கள் வேலை பெறும் உரிமையை அடைய அரசு வகை செய்யவேண்டும் என்று அவ்விதி கூறுகிறது. வேலையற்றவனுக்கு வேலை கிடைக்கச் செய்வது சமூகத்தின் கடமை என்பது அதன் கருத்து.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இன்று 26 மாநிலங்களில் ‘வேலை உரிமைச் சட்டம்’ என்ற பெயருடன் சட்டங்கள் நடைமுறையில் இருக்கின்றன. ஆனால், அவற்றுள் ஒன்றேனும் யாருக்கும் வேலை தருவதாக வாக்களிக்கவில்லை. வேலையிலிருப்பவனை நீக்காமல் காப்பதாகவும் சொல்லவில்லை. மான்டானா மாநிலம் நீங்கலாக அந்நாடு முழுவதிலும், தனி ஒப்பந்தமோ வேறு சட்டமோ குறுக்கிடாத வரையில், காரணம் கூறாமலே தொழிலாளியை நீக்க முதலாளிக்கு உரிமையுண்டு. ‘வேலை உரிமைச் சட்டம்’ அதனைத் தொடுவதில்லை. அச்சட்டம் கூறுவது ஒன்றே: தொழிற்சங்கத்தில் சேரவேண்டும், அல்லது சங்கத்துக்குப் பணம் செலுத்தவேண்டும் என்பதை வேலைக்கு ஒரு நிபந்தனையாக வைக்கக்கூடாது.

பெயர் இவ்வளவு பெரிதாகவும் பொருள் இவ்வளவு சிறிதாகவும் இருக்கும் ஒரு சட்டத்தைக் குறித்து எண்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்நாட்டில் ஏன் இத்தனை போராட்டம்? இதனை அறிந்துகொள்வது நமக்கும் பயன் தரும். மும்பைத் துறைமுகத்திலோ, பிலாய் எஃகு ஆலையிலோ, தில்லி அலுவலகத்திலோ பணிபுரியும் தமிழர் பலரும் ஏதேனும் ஒரு சங்கத்தின் சந்தாச் சீட்டைக் கையில் வாங்கியவர்களே. “நான் ஏன் கொடுக்கவேண்டும்?” என்ற கேள்வியும், “நீ கொடுக்காவிட்டால் யார் கொடுப்பது?” என்ற மறு கேள்வியும் அவர்கள் காதுக்குப் புதியவை அல்ல.

நால்வகை ஏற்பாடுகள்

முதலில் சில சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். முதலாளிக்கும் சங்கத்துக்கும் இடையே அங்கத்தினர் விஷயமாக நான்கு வகை ஏற்பாடுகள் இருக்கக்கூடும்.

முதல் வகை ‘குளோஸ்டு ஷாப்’ என்பது. இதில் ஏற்கெனவே சங்க அங்கத்தினராக இருப்பவரை மட்டுமே முதலாளி வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம். சங்கம் கதவைத் திறந்தால்தான் தொழிற்சாலையின் கதவும் திறக்கும். இரண்டாம் வகை ‘யூனியன் ஷாப்’. இதில் முதலாளி எவரை வேண்டுமானாலும் நியமிக்கலாம். நியமனம் பெற்றவர் குறித்த நாட்களுக்குள் சங்கத்தில் சேர்ந்துவிடவேண்டும். மூன்றாவது ‘ஏஜென்ஸி ஷாப்’. இதில் ஒருவர் சங்கத்தில் சேர வேண்டியதில்லை. ஆனால் சங்கம் தம் சார்பில் பேசுவதற்கு உரிய கட்டணத்தைச் செலுத்தவேண்டும். நான்காவது ‘ஓபன் ஷாப்’. சேருவதும் சேராதிருப்பதும், கொடுப்பதும் கொடாதிருப்பதும் அவரவர் விருப்பம்.

‘வேலை உரிமைச் சட்டம்’ உள்ள மாநிலத்தில் நான்காவது ஏற்பாடு ஒன்றே செல்லும். மற்ற மாநிலங்களில் முதல் வகை 1947-ஆம் ஆண்டிலேயே சட்டவிரோதமாகிவிட்டது. இரண்டாம் வகையும் பெயரளவில்தான் இருக்கிறது. சங்கத்தில் சேரவேண்டும் என்ற நிபந்தனைக்குச் சட்டப்படி உள்ள பொருள் பணம் செலுத்துவது மட்டுமே என்று உச்ச நீதிமன்றம் 1963-இல் ஜெனரல் மோட்டார்ஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. ஆகவே, எதிர்ப்பாளர் கூறும் ‘கட்டாயச் சங்கம்’ என்பதும் இன்று சரியான பெயராகாது. ஒரு புறத்தில் வேலை தராத ‘வேலை உரிமை’. மறுபுறத்தில் சேரும்படி வற்புறுத்த முடியாத ‘கட்டாயச் சங்கம்’. இவ்விரண்டு பெயர்களையும் நீக்கிப் பார்த்தால் எஞ்சி நிற்பது கட்டணம் பற்றிய வழக்கே.

வழக்கின் வேர்

இவ்வழக்கின் வேர் 1935-இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் காலத்தில் நிறைவேறிய தேசியத் தொழிலுறவுச் சட்டத்தில் இருக்கிறது. செனட்டர் வாக்னரின் பெயரால் வழங்கும் அச்சட்டம், தொழிலாளர் சங்கம் அமைப்பதையும் கூட்டாகப் பேரம் பேசுவதையும் உரிமையாக ஆக்கியது. அத்துடன் மற்றொரு விதியையும் ஏற்படுத்தியது. ஒரு தொழிற்சாலையில், அல்லது அதன் ஒரு பிரிவில், பெரும்பான்மைத் தொழிலாளர் எந்தச் சங்கத்தைத் தேர்ந்தெடுக்கிறார்களோ அச்சங்கமே அங்குள்ள எல்லாத் தொழிலாளருக்கும் ஏகப் பிரதிநிதியாகும். அதற்கு வாக்களித்தவர், வாக்களியாதவர், எதிர்த்து வாக்களித்தவர் ஆகிய அனைவருக்கும் அதுவே பேசும். அது செய்துகொள்ளும் ஒப்பந்தம் அனைவரையும் கட்டும்; அதில் கிடைக்கும் ஊதிய உயர்வு அனைவருக்கும் சேரும். அங்கத்தினருக்கு ஒரு சம்பளம், மற்றவருக்கு வேறொரு சம்பளம் என்று ஒப்பந்தம் செய்ய இயலாது.

இதிலிருந்து எழும் சிக்கலை நம் நாட்டு ஏற்பாடு ஒன்றைக்கொண்டு எளிதில் விளக்கலாம். தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏரியையும் வாய்க்காலையும் பராமரிக்கக் குடிமராமத்து என்னும் வழக்கம் இருந்தது. வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியுடன் வந்து தூர் வாரி, கரையைப் பலப்படுத்தவேண்டும். ஒருவர் மட்டும் வராமல் வீட்டிலேயே இருந்துவிட்டாலும் ஏரியில் நீர் நிரம்பத்தான் செய்யும். அவர் வயலுக்கும் அது பாயத்தான் செய்யும். இதைக் கண்டு அடுத்த ஆண்டு பத்துப் பேர் வராமலிருப்பார்கள். அதற்கடுத்த ஆண்டு நாற்பது பேர். பின்னர் ஒரு மழைக்காலத்தில் கரை உடையும்போது, உழைத்தவர் வயலும் உழையாதவர் வயலும் ஒன்றாகவே பாழாகும். பயனைத் தடுக்க முடியாத இடத்தில் செலவை மட்டும் விருப்பத்துக்கு விட்டால் பொதுச் சொத்து நிலைக்காது என்பதே அமெரிக்கத் தொழிற்சங்கங்களின் வாதம். செலவில் பங்குகொள்ளாமல் பயனில் மட்டும் பங்குகொள்பவரை ‘கட்டணமின்றிப் பயணம் செய்பவர்’ என்று அவர்கள் அழைக்கிறார்கள்.

இவ்வாதம் வலிமையுடையது. ஒப்பந்தப் பேச்சுக்குக் கணக்கரும் வழக்கறிஞரும் வேண்டும். அநியாயமாகத் தண்டிக்கப்பட்ட தொழிலாளிக்காக முறையிட ஆள் வேண்டும். அங்கத்தினர் அல்லாதவர் முறையிட்டாலும் சங்கம் கைவிரிக்க முடியாது, சட்டம் அனுமதிக்காது. இவையெல்லாம் பணமின்றி நடவா.

மறு பக்கத்து நியாயம்

எனினும், மேற்கூறிய உவமையை இன்னும் ஓர் அடி கொண்டுசெல்லவேண்டும். ஏரியின் நிர்வாகம் ஒரு சிலர் கையில் இருக்கிறது. அவர்கள் ஒரு தெருவாரைக் கூட்டத்துக்கே அழைப்பதில்லை. அவர்களுடைய மடையை மட்டும் அடைத்தும் வைக்கிறார்கள் என்றால், அத்தெருவார் ஏன் மண்வெட்டியுடன் வரவேண்டும்? இது கற்பனைக் கேள்வி அன்று. அமெரிக்க ரயில்வேயில் இது நடந்தது.

நீராவி எஞ்சின்களில் பயர்மேன் வேலை மிகக் கடினமானது. தென் மாநிலங்களில் அவ்வேலையில் கறுப்பர் பலர் இருந்தனர். பயர்மேன்களின் சங்கம் கறுப்பரை அங்கத்தினராகச் சேர்ப்பதில்லை. ஆனால் பெரும்பான்மையின் சங்கம் என்ற முறையில் கறுப்பருக்கும் அதுவே சட்டப்படி ஏகப் பிரதிநிதி. அந்தப் பிரதிநிதி 1941-இல் ரயில்வே நிர்வாகங்களுடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. ஒவ்வொரு பிரிவிலும் கறுப்பர் பாதிக்கு மேல் இருக்கக்கூடாது என்பது அதன் சாரம். லூயிவில் – நாஷ்வில் ரயில்வேயில் பணியாற்றிய ஸ்டீல் என்ற கறுப்பர், இதன் விளைவாகப் பயணி வண்டியில் தமக்கிருந்த நல்ல வேலையை இழந்தார். அவ்விடத்துக்கு அவருக்குப் பின்னர் பணியில் சேர்ந்த வெள்ளையர் வந்தனர். சில நாட்கள் வேலையின்றி இருந்து, பின்னர் கடினமும் குறைந்த ஊதியமும் உள்ள வேலைக்கு அவர் போகவேண்டியதாயிற்று. அவர் பெயரால் பேச வேண்டிய சங்கமே அவருக்கு எதிராகப் பேசியது.

ஸ்டீல் தொடுத்த வழக்கை உச்ச நீதிமன்றத்தில் வாதாடியவர் சார்ல்ஸ் ஹாமில்டன் ஹூஸ்டன் என்னும் புகழ்பெற்ற கறுப்பின வழக்கறிஞர். 1944 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. எல்லாருக்காகவும் பேசும் அதிகாரத்தைச் சட்டத்திலிருந்து பெறும் சங்கம், அங்கத்தினர் அல்லாதாரையும் பகைமையோ பாரபட்சமோ இன்றிப் பிரதிநிதித்துவம் செய்யக் கடமைப்பட்டது என்று நீதிமன்றம் கூறியது. ஆனால் கறுப்பரை அங்கத்தினராகச் சேர்த்துக்கொள்ளும்படி சங்கத்துக்குக் கட்டளையிடவில்லை. சங்கங்கள் நிறத்தைக் காட்டி ஆட்களை விலக்குவது சட்டவிரோதம் என்பது 1964-ஆம் ஆண்டுச் சிவில் உரிமைச் சட்டத்தில்தான் வந்தது.

சங்கக் கட்டாயத்தை எதிர்ப்போரின் மற்றொரு வாதம் மனச்சாட்சியைப் பற்றியது. அமெரிக்கச் சங்கங்கள் தேர்தல்களில் ஈடுபடுகின்றன, வேட்பாளரை ஆதரிக்கின்றன, சட்டங்களுக்காகப் பிரசாரம் செய்கின்றன. ஒருவர் ஒரு கட்சிக்கு வாக்களித்துவிட்டு, தம் சம்பளத்திலிருந்து அதன் எதிர்க்கட்சிக்குப் பணம் கொடுக்கும்படி நேரலாமா? ரயில்வே ஊழியர் வழக்கொன்றில் 1961-இலும், தொலைபேசித் தொழிலாளர் தொடர்பான பெக் வழக்கில் 1988-இலும் உச்ச நீதிமன்றம் இதற்கு ஓர் எல்லை வகுத்தது. ஒப்பந்தப் பேச்சு, ஒப்பந்த நிர்வாகம், முறையீடு ஆகியவற்றின் செலவை ஆட்சேபிப்பவரிடமிருந்தும் பெறலாம். அரசியல் செலவை அவரிடமிருந்து பெறக்கூடாது என்பதே அந்த எல்லை.

சட்டம் பிறந்த கதை

‘வேலை உரிமை’ என்ற கோஷத்தைத் தற்காலப் பொருளில் பரப்பியவர், டல்லாஸ் நகரத்துப் பத்திரிகையொன்றின் தலையங்க ஆசிரியர் வில்லியம் ரகிள்ஸ். 1941-ஆம் ஆண்டு அமெரிக்கத் தொழிலாளர் தினத்தன்று அவர் எழுதிய தலையங்கம் இதற்கென அரசியலமைப்பையே திருத்தவேண்டும் என்றது. ஹூஸ்டன் நகரைச் சேர்ந்த வான்ஸ் மியூஸ் என்பவர் இக்கோஷத்தை எடுத்துக்கொண்டு தென் மாநிலங்கள் எங்கும் பிரசாரம் செய்தார். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே சங்கத்தில் சரிசமமாக அமர நேரும் என்பதே அவர் சங்கங்களை வெறுத்ததற்கு ஒரு முக்கிய காரணம். 1944-இல் பிளோரிடாவும் அர்க்கன்ஸாவும் வாக்கெடுப்பின் மூலம் இவ்விதியைத் தம் அரசியலமைப்பில் சேர்த்தன.

இங்கே ஒரு விசித்திரத்தைக் காணலாம். கறுப்பரை வெளியே நிறுத்திய சங்கமும் இருந்தது. சங்கத்துக்குள் கறுப்பர் வந்துவிடுவார் என்று அஞ்சிச் சங்கத்தையே எதிர்த்தவரும் இருந்தார். இவ்விரண்டுக்கும் இடையே கறுப்பினத் தொழிலாளர் தம் வழியைத் தேடினர். ரயில் வண்டிகளில் பணிபுரிந்த போர்ட்டர்களுக்கென 1925-இல் ஏ. பிலிப் ராண்டால்ப் தலைமையில் உருவான சங்கம், பன்னிரண்டு ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் 1937-இல் புல்மன் கம்பெனியிடம் ஒப்பந்தம் பெற்றது. மார்ட்டின் லூதர் கிங் 1961-இல் இப்பொருள் பற்றிப் பேசியபோது, ‘வேலை உரிமை’ என்ற கோஷத்தை நம்பி ஏமாறவேண்டாம் என்றே தம் மக்களை எச்சரித்தார். சங்கத்தின் குறையைத் திருத்தலாம்; சங்கமே இல்லாதவனுக்குத் திருத்துவதற்கு ஒன்றும் இராது என்பது அவர் தரப்பின் கருத்து.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்காவில் வேலைநிறுத்தங்கள் பெருகின. 1946-இல் மட்டும் ஏறத்தாழ 46 இலட்சம் தொழிலாளர் அவற்றில் பங்குகொண்டனர். பொதுமக்களின் சலிப்பு சங்கங்களுக்கு எதிராகத் திரும்பியது. அவ்வாண்டு இறுதியில் நடந்த தேர்தலில் காங்கிரஸ் சபை குடியரசுக் கட்சியின் வசமாயிற்று. 1947-இல் டாஃப்ட் – ஹார்ட்லி சட்டம் நிறைவேறியது. ஜனாதிபதி ட்ரூமன் சம்மதம் தர மறுத்துத் திருப்பி அனுப்பினார்; இரு சபைகளும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்ட வாக்குகளால் அம்மறுப்பைத் தள்ளிவிட்டன. இச்சட்டத்தின் 14-ஆவது பிரிவில் உள்ள ஒரு சிறு வாசகமே, சங்கக் கட்டாயத்தைத் தடை செய்யும் அதிகாரத்தை மாநிலங்களுக்கு அளித்தது. ஒரே நாட்டில், ஒரே வகைத் தொழிற்சாலையில், எல்லைக் கோட்டுக்கு இப்புறம் ஒரு நியாயமும் அப்புறம் ஒரு நியாயமும் வழங்குவது இதனால்தான். ரயில்வேயும் விமானப் போக்குவரத்தும் மட்டும் இதற்கு விலக்கு. அவற்றுக்குத் தனிச் சட்டம் உண்டு; 1951-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி மாநிலச் சட்டம் எதுவாயினும் அங்கே சங்கமும் நிர்வாகமும் கட்டண ஒப்பந்தம் செய்துகொள்ளலாம்.

ஏற்றமும் இறக்கமும்

அதன் பின்னர் வாக்குச் சாவடியிலும் சட்டசபையிலும் இப்போராட்டம் மாறி மாறி நடந்து வந்திருக்கிறது. 1958-இல் ஆறு மாநிலங்களில் இதுபற்றிப் பொது வாக்கெடுப்பு நடந்தது. கான்ஸஸ் மட்டும் சட்டத்தை ஏற்றது. கலிபோர்னியாவும் ஒஹையோவும் உள்ளிட்ட மற்ற ஐந்து மாநிலங்களும் நிராகரித்தன. இந்தியானா மாநிலம் 1957-இல் இயற்றிய சட்டத்தை 1965-இல் நீக்கியது. அதே 1965-இல் 14-ஆவது பிரிவின் அவ்வாசகத்தையே எடுத்துவிட ஜனாதிபதி ஜான்ஸன் முயன்றார். பிரதிநிதிகள் சபை ஏற்றுக்கொண்டது. செனட் சபையில் டர்க்ஸன் தலைமையில் நிகழ்ந்த முடிவில்லாப் பேச்சு அம்முயற்சியைத் தோற்கடித்தது.

நெடுங்காலம் இச்சட்டம் தெற்கிலும் மேற்கின் வேளாண் மாநிலங்களிலும் மட்டும் நிலவியது. 2012-இல் இந்தியானா மீண்டும் அதனை இயற்றியபோது தொழில்வளம் மிக்க வடபகுதியின் வாயில் திறந்தது. அதே ஆண்டு டிசம்பரில் மிச்சிகனும் இயற்றியது. மிச்சிகன் மோட்டார் தொழிலின் தாயகம். 1936 – 37-இல் பிளின்ட் நகரத் தொழிலாளர் 44 நாட்கள் தொழிற்சாலைக்குள்ளேயே அமர்ந்து ஜெனரல் மோட்டார்ஸைப் பணிய வைத்த இடம். அங்கேயே இது நிகழ்ந்தது நாடெங்கும் வியப்பை அளித்தது. விஸ்கான்ஸின் 2015-இலும், மேற்கு வர்ஜீனியா 2016-இலும், கென்டக்கி 2017-இலும் தொடர்ந்தன. மிஸௌரியில் 2017-இல் சட்டசபை இயற்றியதை 2018-இல் வாக்காளர் மூன்றில் இரண்டு பங்கினர் தள்ளுபடி செய்தனர். மிச்சிகன் 2023-இல் தன் சட்டத்தை நீக்கியது. அந்நீக்கம் 2024-இல் அமலுக்கு வந்தது. 1965-க்குப் பின் ஒரு மாநிலம் இச்சட்டத்தைச் சட்டசபையின் மூலம் நீக்கியதில் இது குறிப்பிடத்தக்க நிகழ்ச்சியாகும்.

இதனிடையே அரசாங்க ஊழியரைப் பற்றிய வழக்கு வேறொரு பாதையில் சென்றது. 1977-இல் டெட்ராய்ட் நகர ஆசிரியர் தொடர்பான அபூட் வழக்கில், பேரம் பேசும் செலவுக்காகக் கட்டணம் பெறலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. இல்லினாய் மாநில அரசில் குழந்தைகளின் பராமரிப்புத் தொகை தொடர்பான துறையில் பணியாற்றிய மார்க் ஜேனஸ் இதனை எதிர்த்தார். அவர் செலுத்திவந்த கட்டணம் மாதம் ஏறத்தாழ 45 டாலர். முழுச் சந்தாவில் 78 சதவீதம். அரசாங்கம் தரும் சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் பற்றிப் பேசுவது என்றாலே அது பொதுப் பணத்தைப் பற்றிய அரசியல் பேச்சு. தாம் ஏற்காத பேச்சுக்குத் தம்மைப் பணம் தரச் செய்வது பேச்சுச் சுதந்திரத்துக்கு முரண் என்பது அவர் வாதம். 2018 ஜூன் மாதம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்றது. அன்றிலிருந்து அமெரிக்கா முழுவதிலும் அரசாங்க ஊழியரிடம் அவர் சம்மதமின்றிச் சங்கக் கட்டணம் பெறுவதற்கில்லை. தனியார் தொழிலில் மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் நியாயம் மாறுபடுகிறது.

அத்தீர்ப்பில் ஒரு கருத்து ஆழ்ந்து நோக்கத்தக்கது. எல்லாருக்காகவும் பேசவேண்டிய கடமை சங்கத்துக்குச் சுமை மட்டும் அன்று. ஏகப் பிரதிநிதி என்ற பதவியே ஒரு பெரும் செல்வாக்கு. அப்பதவியை விரும்பிப் பெற்றவர் அதற்குரிய கடமையையும் ஏற்கவேண்டும் என்று பெரும்பான்மை நீதிபதிகள் கூறினர். செலவை யாரும் தர வேண்டியதில்லை என்றால் அப்பதவியை எவ்வாறு திறம்படத் தாங்குவது என்று மற்ற நால்வர் கவலை தெரிவித்தனர்.

இச்சட்டங்களால் ஊதியம் குறைந்ததா, தொழில் வளர்ந்ததா என்ற கேள்விக்கு இரு தரப்பாரும் எண்களைக் காட்டுகிறார்கள். சட்டம் உள்ள மாநிலங்களில் சராசரி ஊதியம் குறைவு என்பர் ஒரு சாரார். அங்கே வாழ்க்கைச் செலவும் குறைவு, புதிய தொழிற்சாலைகளும் அங்கேதான் செல்கின்றன என்பர் மற்றொரு சாரார். நிலத்தின் விலை, வரி, தட்பவெப்பம், மக்கள் குடிபெயர்ச்சி ஆகியவற்றின் விளைவையும் ஒரு சட்டத்தின் விளைவையும் தனித்தனியே பிரித்துக் காட்டுவது எளிதன்று. பொருளாதார அறிஞரிடையே இதில் ஒருமித்த அபிப்பிராயம் இல்லை. சங்கங்கள் மெலிந்துவிட்டன என்பது மட்டும் ஐயத்துக்கு இடமற்றது. 1950-களில் தொழிலாளரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் சங்கத்தில் இருந்தனர். 1983-இல் அது 20.1 சதவீதம், 2024-இல் 9.9 சதவீதம். பெருந்தொழிற்சாலைகள் குறைந்ததும், வேலைகள் கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் பெயர்ந்ததும் இதற்குக் காரணங்கள். முழுப் பழியையும் இச்சட்டங்களின் மேல் போட இயலாது.

பிரிட்டனும் பாரதமும்

பிரிட்டனில் கதை வேறு விதமாக முடிந்தது. அங்கே அச்சகத் தொழில் போன்றவற்றில் ‘குளோஸ்டு ஷாப்’ வேரூன்றியிருந்தது. 1975-இல் பிரிட்டிஷ் ரயில்வே தன் சங்கங்களுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தால், சங்கத்தில் சேர மறுத்த மூன்று ஊழியர் வேலை இழந்தனர். 1981-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. சங்க அங்கத்தினர் அல்லர் என்பதற்காக ஒருவருக்கு வேலை மறுப்பதை 1990-ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கியதுடன் அவ்வேற்பாடு முடிவுற்றது.

நமது நாட்டில் சங்கத்தில் சேரும்படி ஒருவரையும் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. சங்கம் அமைக்கும் உரிமை அரசியலமைப்பின் 19-ஆவது விதியில் உள்ளது. தொழிலாளி எழுத்தால் சம்மதம் கொடுத்தாலன்றிச் சம்பளத்திலிருந்து சங்கச் சந்தாவைப் பிடித்தல் ஆகாது. ஆயினும், ஏகப் பிரதிநிதி என்னும் பிரச்னை நமக்கும் உண்டு. 1946-ஆம் ஆண்டின் பம்பாய்த் தொழிலுறவுச் சட்டத்தின்படி மும்பை நூலாலைத் தொழிலாளருக்கு ராஷ்ட்ரீய மில் மஸ்தூர் சங்கமே அங்கீகாரம் பெற்ற ஒரே பிரதிநிதியாக இருந்தது. 1982 ஜனவரியில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் தொழிலாளர் தத்தா சாமந்தின் தலைமையில் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஊதிய உயர்வு கேட்டதோடு, தாம் நம்பாத பிரதிநிதியைத் தம்மீது சுமத்தும் அச்சட்டத்தை நீக்கவேண்டும் என்றும் அவர்கள் கேட்டனர். அவ்வேலைநிறுத்தம் முறைப்படி முடிவுக்கு வரவே இல்லை. பல ஆலைகள் மீண்டும் திறக்கப்படவில்லை. அங்கே எவரும் கட்டணக் கட்டாயத்தை எதிர்த்துப் போராடவில்லை. தம் பெயரால் பேசுபவரை மாற்றும் வழி தம்மிடம் இல்லை என்பதே அவர்கள் மனக்குறை.

2020-இல் நமது பாராளுமன்றம் நிறைவேற்றிய தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம் இதற்கு ஓர் ஏற்பாடு கூறுகிறது. பல சங்கங்கள் உள்ள நிறுவனத்தில் 51 சதவீதத் தொழிலாளரின் ஆதரவு பெற்ற சங்கம் நிர்வாகத்துடன் பேசும் ஒரே சங்கமாகும். எந்தச் சங்கத்துக்கும் அவ்வளவு ஆதரவு இல்லையெனில், 20 சதவீதத்துக்குக் குறையாத ஆதரவுள்ள சங்கங்களின் பிரதிநிதிகள் ஒரு குழுவாக அமர்ந்து பேசுவார்கள். பெரும்பான்மையின் குரலே எல்லாருடைய குரலுமாகும் என்னும் தத்துவம் இதன் மூலம் நம் நாட்டிலும் விரிகிறது. அத்தத்துவம் வரும் இடத்துக்கு அதன் செலவு பற்றிய கேள்வியும் பின்னாலேயே வரும்.

ஆகவே, அமெரிக்க அனுபவத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடியது ஒரு கட்சியின் கோஷமன்று, சில கேள்விகளே. நம் பெயரால் யார் பேசுகிறார்? அவரைத் தேர்ந்தெடுப்பதிலும் மாற்றுவதிலும் நமக்கு வாக்கு உண்டா? அவர் பேசியதன் பயனை நாம் அடைகிறோமா? அடைகிறோமெனில் அச்செலவில் நம் பங்கு என்ன? அப்பணம் எதற்குச் செலவாகிறது என்ற கணக்கு நம் பார்வைக்கு வருகிறதா? முதலிரண்டு கேள்விகளுக்கு ‘இல்லை’ என்று பதில் வருமிடத்தில் கட்டாயச் சந்தா அநீதியாகும். ஸ்டீலின் வழக்கு அதற்குச் சாட்சி. எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ என்று பதில் வருமிடத்தில், பயனைப் பெற்றுக்கொண்டு பங்கை மட்டும் மறுப்பவர் தம் பக்கத்து இயந்திரத்தில் வேலை செய்யும் தோழரின் சட்டைப்பையிலிருந்தே அதனை எடுத்துக்கொள்கிறார்.

வெளியூரில் பிழைப்புக்காகச் சென்றிருக்கும் தொழிலாளிக்கு இக்கேள்விகள் மற்றவரைவிட அதிகமாகவே உரியவை. அவருக்கு அவ்வூரில் சுற்றமும் குறைவு, சிபாரிசும் குறைவு. சங்கத்தின் கூட்டம் வேற்று மொழியில் நடக்கலாம். நிர்வாகிகள் அறிமுகமில்லாதவர்களாக இருக்கலாம். அதனால் சந்தாவைக் கொடுத்துவிட்டு ஒதுங்கியிருப்பதும், அல்லது கொடாமலே ஒதுங்கியிருப்பதும் எளிதாகத் தோன்றும். கூட்டத்துக்குச் சென்று அமர்ந்து, கணக்கைக் கேட்டு, வாக்களித்து வருவது சற்றுக் கடினம். அக்கடினமான வழியைப் பலர் பின்பற்றும் சங்கத்தில், கட்டாயமா விருப்பமா என்ற வழக்கு பெரும்பாலும் எழுவதில்லை என்பதை நேயர்கள் தங்கள் அனுபவத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்களாக.